கதவு சற்றுத் திறந்திருக்கட்டும்

வீட்டை விட்டுப் புறப்படும்போது எதை எடுப்பது, எதை விடுவது என்ற கேள்வி எம்மில் பலருக்குப் புதியதல்ல. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்திலிருந்து தென்மராட்சி நோக்கி நடந்தவர்கள் இந்தக் கேள்வியைத் தெருவில் நின்றே கேட்டார்கள். 2008ஆம் ஆண்டிலும் 2009இன் தொடக்கத்திலும் வன்னியில் ஊர் ஊராக நகர்ந்தவர்கள் கூரைத் தகரம், கதவு, தையல் இயந்திரம் என்று எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டு, பின்பு ஒவ்வொன்றாக வழியில் இறக்கி விட்டார்கள்.

கொழும்பில் இருந்தவர்களுக்கும் அந்த நிலை வந்தது. 2007ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை முதலிய இடங்களில் லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு, வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டனர். அவர்கள் 376 பேர். மறுநாளே உயர் நீதிமன்றம் அந்த வெளியேற்றத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. ஆனாலும், புறப்பட்ட நேரத்தில் பைக்குள் அடங்கியது மட்டுமே அவர்களோடு போனது.

அத்தகைய புறப்பாட்டுக்கு எந்தக் கட்டுரையும் வழி சொல்ல முடியாது. இங்கே நாம் கதைக்கப் போவது வேறு விதமான புறப்பாடு. வாடகை ஒப்பந்தம் முடிகிறது. ஊரில் அம்மாவுக்குச் சுகமில்லை. கட்டிக்கொண்டிருக்கும் வீட்டைப் பார்க்கச் சில மாதம் போக வேண்டியிருக்கிறது. இப்படி, நாளும் நேரமும் கையில் இருக்கும் புறப்பாடு. ஆனால் பழைய பழக்கத்தில், இதையும் நாம் அவசர அவசரமாகவே செய்து விடுகிறோம். இருப்பவற்றை உள்ளே திணித்து, கதவைப் பூட்டி, யாரோ ஒருவர் வீட்டு மூலையில் வைத்துவிட்டுப் போய் விடுகிறோம். அதனால் அதிகம் கெட்டுப் போகும் பொருள் குளிர்சாதனப் பெட்டி.

ஒரு பெட்டியின் பெறுமதி

1990ஆம் ஆண்டு ஜூன் மாதம் போர் மீண்டும் மூண்ட பின், யாழ்ப்பாணக் குடாநாட்டில் பல ஆண்டுகள் மின்சாரம் இருக்கவில்லை. குளிர்சாதனப் பெட்டி இருந்த வீடுகளில் அது அலுமாரியாக மாறியது. புத்தகம், உடுப்பு, எலிக்குத் தப்ப வைக்க வேண்டிய அரிசி எல்லாம் அதற்குள் போயின. குளிர் தராத அந்தப் பெட்டியையும் எமது தாய்மார் விற்கவில்லை. துடைத்துத் துடைத்து வைத்திருந்தார்கள்.

இன்று அது ஆடம்பரப் பொருள் அல்ல. கணவனை இழந்தோ, கணவனின் செய்தி தெரியாமலோ, தனியாகக் குடும்பத்தைக் கொண்டு நடத்தும் பல பெண்களுக்கு அது தொழிற்கருவி. தோசை மா அரைத்துத் தொடர்மாடிகளுக்குக் கொடுப்பவருக்கும், ஐஸ்பழமும் தயிரும் விற்பவருக்கும், சமைத்த சாப்பாடு கட்டிக் கொடுப்பவருக்கும் அந்தப் பெட்டி நின்றால் வருமானமும் நின்றுவிடும். நீரிழிவு உள்ளவர் இருக்கும் வீட்டில் இன்சுலின் அதற்குள்தான் இருக்கிறது. அதைப் பெரும்பாலும் சீட்டுப் பிடித்தோ, மாதத் தவணையில் கட்டியோதான் வாங்கியிருப்போம்.

2022ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் திகதி 13 மணித்தியால மின்வெட்டு வந்தபோது, பெட்டிக்குள் இருந்தது எல்லாம் பழுதானது. அதே ஆண்டு ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் கூட்டப்பட்டது. கட்டணம் தாங்காமல் பெட்டியை நிறுத்தி மூலையில் வைத்தவர்களும், வீட்டையே மாற்றியவர்களும் அக்காலத்தில் பலர். நிறுத்தி வைத்த பெட்டி திரும்பவும் வேலை செய்ய வேண்டுமென்றால், நிறுத்தும் விதம் சரியாக இருக்க வேண்டும்.

நாங்கள் விட்ட பிழை

எமது வீட்டில் நடந்ததையே முதலில் சொல்லிவிடுகிறேன். 2006ஆம் ஆண்டு வெள்ளவத்தையில் நாங்கள் இருந்த வாடகை வீட்டை இரண்டு நாளில் விட வேண்டி வந்தது. குளிர்சாதனப் பெட்டியைக் கொட்டாஞ்சேனையில் உறவினர் ஒருவரின் பின்னறையில் வைத்தோம். ஐஸ் உருகிய ஈரம் அப்படியே இருந்தது. ஒரு போத்தல் ஊறுகாயும் உள்ளேயே இருந்தது. கதவை இறுக மூடி, அதன் மேல் பொலித்தீன் சுற்றி, கயிற்றால் கட்டினோம். நன்றாகப் பாதுகாத்து விட்டோம் என்று நினைத்தோம்.

பதினான்கு மாதம் கழித்துத் திறந்தபோது உட்சுவர் முழுவதும் கறுப்புப் பூஞ்சணம். கதவு ஓரத்து றப்பர் ஒட்டிக்கொண்டு, இழுத்தபோது கிழிந்தது. அடிப்பகுதி கறள் பிடித்துக் கிடந்தது. பொலித்தீனுக்குள் கரப்பான் பூச்சி குடும்பமே நடத்தியிருந்தது. அந்த நாற்றம் எத்தனை முறை கழுவியும் போகவில்லை. கடைசியில் பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்தோம். அம்மா இரண்டு வருடம் தவணை கட்டி வாங்கிய பெட்டி அது.

அதை மனதில் வைத்துத்தான், 2023ஆம் ஆண்டு என் பெரியம்மாவின் மகள் வெள்ளவத்தை அனெக்ஸை விட்டுக் கிளிநொச்சிக்கு எட்டு மாதம் போகப் புறப்பட்டபோது நாங்கள் ஒரு வாரத்துக்கு முன்பே ஆயத்தமானோம். தோசை மா விற்று அவ வாங்கிய பெட்டியைக் கொட்டாஞ்சேனையில் மாமி வீட்டில் வைப்பதாக ஏற்பாடு. அன்று செய்தவற்றையும், செய்யும்போது கற்றவற்றையும் இங்கே முறைப்படி தருகிறேன்.

முதலில் கடதாசி

பெட்டியைத் தொடுவதற்கு முன் கடதாசிகளைத் தேடுங்கள். வாங்கிய பற்றுச்சீட்டு, உத்தரவாத அட்டை, தவணைப் புத்தகம் என்பவற்றை ஓர் உறைக்குள் போட்டு உங்களோடு எடுத்துச் செல்லுங்கள். பெட்டிக்குள் வைக்காதீர்கள். பெட்டியின் உட்சுவரிலோ பின்புறத்திலோ ஒட்டியிருக்கும் சிட்டையில் மாதிரி எண்ணும் தொடர் எண்ணும் இருக்கும். அவற்றை எழுதிக்கொள்ளுங்கள். கைத்தொலைபேசியால் முன்புறம், பின்புறம், உட்புறம் மூன்றையும் படம் எடுங்கள்.

போரில் இழந்த சொத்துக்காக 1987இல் அமைக்கப்பட்ட புனர்வாழ்வு அதிகார சபையிடமோ, 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தின்படி வந்த இழப்பீடுகளுக்கான அலுவலகத்திடமோ விண்ணப்பம் கொண்டு அலைந்தவர்களுக்கு ஒரு துண்டுக் கடதாசியின் பெறுமதி தெரியும். பற்றுச்சீட்டில் உங்கள் பெயர் இருந்தால் அதை இன்னும் கவனமாக வைத்திருங்கள். வீட்டில் பெண்ணின் பெயரில் இருக்கும் பொருள்கள் குறைவு.

பெட்டியை வைத்திருக்கப் போகிறவர் நெருங்கிய உறவினர்தான் என்றாலும், ஒரு சிறு குறிப்பு எழுதி இருவரும் ஒவ்வொரு பிரதி வைத்திருப்பது நல்லது. எந்தத் திகதியில் வைத்தோம், எப்போது எடுப்போம், இடையில் அவர்கள் பாவிக்கலாமா, பாவித்துப் பழுதானால் யார் திருத்துவது என்பவை அதில் இருக்கட்டும். எழுதி வைப்பது நம்பிக்கைக் குறைவு அல்ல. பின்னால் மனக்கசப்பு வராமல் அது காக்கும்.

ஒரு வாரம் முன்பு

புதிதாக எதையும் வாங்கிச் சேர்க்காதீர்கள். மீன், இறைச்சியை முதலில் சமைத்து முடியுங்கள். மீதியை அயல் வீடுகளுக்குக் கொடுங்கள்.

இன்சுலின் இருந்தால் அதற்கு முன்கூட்டியே இடம் தேட வேண்டும். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டும். அதை அயலவரின் பெட்டியில் வைக்கலாம். திறந்து பாவிப்பதை வெயில் படாத குளிர்ந்த இடத்தில் ஏறக்குறைய நான்கு வாரம் வரை வைத்திருக்கலாம். வகைக்கு வகை இது வேறுபடும் என்பதால் கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள். குளிர்சாதனப் பெட்டி இல்லாத இடங்களில், பெரிய மண்சட்டிக்குள் ஈர மணல் நிரப்பி, அதன் நடுவே சிறிய மண்சட்டியை வைத்து, அதற்குள் மருந்தை மூடி வைப்பது உண்டு. மருந்து ஒருபோதும் ஐஸாக உறையக்கூடாது.

கத்தியை எடுக்காதீர்கள்

ஏற்றுவதற்கு ஒரு நாள் முன்பு, குறைந்தது 24 மணித்தியாலம் முன்பு, பெட்டியை நிறுத்திப் பிளக்கைக் கழற்றி விடுங்கள். கதவுகளை அகலத் திறந்து வைத்து, கீழே பழைய துணிகளையும் ஒரு தட்டையும் வையுங்கள். ஐஸ் தானாக உருகட்டும். அவசரமென்றால் ஒரு கிண்ணத்தில் சுடுநீர் விட்டு உள்ளே வைத்தால் கெதியாக உருகும்.

கத்தியாலோ ஸ்குருட்ரைவராலோ ஐஸைக் கிளறாதீர்கள். ஒற்றைக் கதவுப் பெட்டிகளில் ஐஸ் பிடிக்கும் அந்த அலுமினியச் சுவருக்குள்தான் வாயு ஓடும் மெல்லிய வழிகள் இருக்கின்றன. ஒரு சிறு ஓட்டை விழுந்தால் வாயு போய்விடும். திருத்தும் செலவு பெட்டியின் விலையில் பெரும்பங்கைத் தின்னும். இப்போது வரும் பெட்டிகள் பலவற்றில் ஆர் 600ஏ எனப்படும் வாயு இருக்கிறது. அதன் அளவு குறைவுதான், ஆனால் தீப்பற்றக்கூடியது. தற்செயலாக ஓட்டை விழுந்து 'உஸ்' என்ற சத்தம் கேட்டால் சுவிட்ச் எதையும் தொடாமல், விளக்கு ஏற்றாமல், யன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள். மிகப் பழைய பெட்டிகளில் இருப்பது ஓசோன் படலத்தைக் கெடுக்கும் வாயு. 1987ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கைக்குப் பின் உலகம் முழுவதும் படிப்படியாகக் கைவிடப்பட்டது அது. ஆகவே பழைய பெட்டியின் குழாயை வெட்டி வாயுவைத் திறந்து விடவும் கூடாது.

ஐஸ் பிடிக்காத வகைப் பெட்டி என்றாலும் ஒரு நாள் முன்பே நிறுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாமல் உட்சுவருக்குப் பின்னால் அதிலும் ஐஸ் இருக்கும். வழியில் உருகி லொறியெல்லாம் நீர் வடியும்.

கழுவுதல், உலர்த்துதல்

தட்டுகள், இழுப்பறைகள், முட்டைத் தட்டு எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். கண்ணாடித் தட்டில் உடனே சுடுநீர் ஊற்றாதீர்கள், வெடிக்கலாம். ஒரு லீற்றர் இளஞ்சூட்டு நீரில் இரண்டு மேசைக்கரண்டி அப்பச்சோடா கரைத்து உட்புறம் முழுவதையும் துடையுங்கள். அதன்பின் வெறும் நீரில் நனைத்த துணியால் ஒருமுறை துடையுங்கள். வாசனைச் சவர்க்காரம் வேண்டாம். பெட்டி மூடியிருக்கும் மாதங்களில் அதன் மணம் உள்ளேயே நின்றுவிடும்.

கதவு ஓரத்து றப்பரில் மடிப்புகள் இருக்கும். பழைய பல்துலக்கியால் அவற்றுக்குள் இருக்கும் அழுக்கை எடுங்கள். பூஞ்சணம் தொடங்குவது அங்கேதான். உட்புறத்தின் கீழ்ப்பகுதியில் நீர் வடிந்து போகும் சிறு துளை ஒன்று இருக்கும். அதையும் துப்புரவாக்குங்கள்.

அடுத்தது பெரும்பாலானோர் மறக்கும் ஒன்று. பெட்டியின் பின்புறம், அடியில், வடிந்த நீர் சேரும் ஒரு சிறு தட்டு இருக்கும். அதில் நீர் தேங்கினால் டெங்கு நுளம்பு முட்டையிடும். 2017ஆம் ஆண்டு இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் அதிகமானோர் டெங்கு நோயாளராகப் பதிவானார்கள். நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. நுளம்பின் முட்டைகள் தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, நீர் வற்றிய பிறகும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆகவே தட்டைத் தும்பால் தேய்த்துக் கழுவி, துடைத்து உலர்த்துங்கள். எமது நோயை இன்னொருவர் வீட்டுக்கு ஏற்றி அனுப்பக் கூடாது.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க ஒழுங்கைகளில் இருப்பவர்கள் பின்புறத்தையும் கட்டாயம் பார்க்க வேண்டும். உப்புக் காற்று குழாய்களிலும் அடித் தகட்டிலும் படிந்து கறள் பிடிக்கச் செய்யும். உலர்ந்த தூரிகையால் தூசியைத் தட்டி, ஈரத் துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள்.

கழுவிய பின் ஓர் இரவும் பகலும் கதவைத் திறந்து வைத்து உலர விடுங்கள். உலர்ந்ததா என்று அறிய, உட்சுவரில் ஒரு கடதாசித் துண்டை அழுத்திப் பாருங்கள். அது ஒட்டாமல் விழுந்தால் சரி.

நிமிர்ந்து நிற்கட்டும்

தட்டுகளைப் பழைய சேலைத் துண்டுகளில் சுற்றித் தனிப் பெட்டியில் கட்டுங்கள். மின் வயரைச் சுருட்டிப் பின்புறத்தில் கட்டி விடுங்கள். கதவை மெல்லிய துணி வைத்து மூடி, அகலமான துணிப்பட்டியால் சுற்றிக் கட்டுங்கள். ஒட்டும் நாடாவை நேரடியாக ஒட்டினால் உரிக்கும்போது வர்ணமும் சேர்ந்து போகும். படி, வாசல், லிப்ட் எல்லாவற்றின் அகலத்தையும் முதல் நாளே அளந்து கொள்ளுங்கள். கைப்பிடியிலோ பின்புறக் குழாயிலோ பிடித்துத் தூக்கக் கூடாது. அடிப்பகுதியில் பிடித்துத் தூக்க வேண்டும். நிலத்தில் இழுக்காமல், மடித்த சாக்கின் மேல் நிறுத்திச் சாக்கை இழுத்தால் தரையும் கீறாது.

பட்டா லொறியோடு வந்த பையன் அன்று சொன்னான்: "அக்கா, படுக்க வைச்சுக் கொண்டு போனால் சுகம். மற்றச் சாமானையும் மேல அடுக்கலாம்."

அக்கா விடவில்லை. "இல்லைத் தம்பி, நிமிர்த்தித்தான் கொண்டு போக வேணும். இன்னொரு ஆள் வேணுமெண்டால் கூப்பிடு, காசு நான் தாறன்."

அவ பிடிவாதத்துக்குக் காரணம் உண்டு. பெட்டியின் பின்புறம் அடியில் கறுப்பாக ஒரு குடுவை போல இருப்பதுதான் கொம்பிரசர். உள்ளே மோட்டார் சிறு வில்லுகளின் மேல் நிற்கிறது. அதன் கீழே எண்ணெய் இருக்கிறது. பெட்டியைப் படுக்க வைத்தால் அந்த எண்ணெய், கவிழ்த்த போத்தலிலிருந்து போவது போல, வாயு ஓடும் குழாய்களுக்குள் போய்விடும். அப்படியே மின்சாரம் கொடுத்தால் குழாய் அடைபடும். எண்ணெய் இல்லாமல் மோட்டார் உராய்ந்து எரியும். குலுக்கத்தில் மோட்டார் வில்லிலிருந்து நழுவவும் கூடும். சாய்க்க வேண்டியிருந்தால் 45 பாகைக்கு மேல் சாய்க்காதீர்கள். வேறு வழியே இல்லாமல் படுக்க வைக்க நேர்ந்தால் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். முதுகிலும் கதவின் மேலும் வேண்டாம்.

லொறியில் பெட்டியை முன்பக்கத் தடுப்போடு ஒட்டி நிறுத்தி, இடையில் தலையணையோ மெத்தையோ வைத்து, இரண்டு இடத்தில் கயிறு போடுங்கள். கயிறு பின்புறக் குழாயை அழுத்தக் கூடாது. வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை ஏறக்குறைய 10 கிலோமீற்றர்தான். ஆனால் காலி வீதியும் புறக்கோட்டையும் நெரிசலானவை. அடிக்கடி பிரேக் பிடிக்கும் வண்டியில் பெட்டி ஆடும். ஞாயிறு அதிகாலை புறப்பட்டால் சனமும் குறைவு, வெயிலும் குறைவு. மழைக் காலமென்றால் ஒரு படங்கு கையில் இருக்கட்டும்.

வைக்கும் இடம்

மாமி வீட்டில் முதலில் காட்டிய இடம் குளியலறைச் சுவரோரம். அங்கே ஈரம் இருந்ததால் வேண்டாம் என்றோம். சமையல் அடுப்பின் சூடும் கூடாது, கூரை ஒழுக்கும் கூடாது, கடற்காற்று நேரே அடிக்கும் யன்னலும் கூடாது. கடைசியில் நடு அறை மூலையைத் தெரிவு செய்தோம். தரையில் நேரே வைக்காமல், நான்கு மூலையிலும் தட்டையான உறுதியான பலகைத் துண்டு வைத்து உயர்த்தினோம். தாழ்ந்த பகுதிகளில் இருப்பவர்கள் செங்கல் வைத்து இன்னும் உயர்த்தலாம். 2016ஆம் ஆண்டு மே மாதம் களனி கங்கை பெருகியபோது பல வீடுகளில் முதலில் நனைந்தவை தரையில் இருந்த பொருள்கள்தான். உயர்த்தியது ஆடாமல் நிற்கிறதா என்று கையால் தள்ளிப் பார்த்துக் கொள்ளுங்கள். சுவருக்கும் பெட்டிக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி விடுங்கள்.

அடுத்து, கதவு. மாமிக்கு அதில்தான் மனம் ஆறவில்லை.

"பிள்ளை, கதவைத் திறந்து விட்டால் பூச்சி போகாதே?"

"பூட்டினால்தான் மாமி பூஞ்சணம் பிடிக்கும். போன முறை பூட்டித்தானே பழுதாக்கினனாங்கள்."

மூடிய பெட்டிக்குள் காற்று அசையாது. எவ்வளவு துடைத்தாலும் சிறிது ஈரம் எஞ்சியிருக்கும். இருட்டும் ஈரமும் சேர்ந்தால் பூஞ்சணத்துக்கு வேறு எதுவும் வேண்டாம். ஆகவே கதவு இரண்டு விரல் அகலம் திறந்திருக்க வேண்டும். மேல் ஓரத்தில் ஒரு துணிச்சுருளைச் செருகினால் அது மூடிக்கொள்ளாது. பூச்சிக்குப் பயமென்றால் அந்த இடைவெளியின் மேல் மெல்லிய வலைத்துணியை ஒட்டி விடலாம். உள்ளே ஒரு கிண்ணத்தில் சில அடுப்புக்கரித் துண்டுகள் வைத்தால் மணத்தை உறிஞ்சும். பூச்சி உருண்டை போடாதீர்கள். அந்த மணம் பிறகு சாப்பாட்டில் ஏறும். வெளியே பழைய பருத்தி விரிப்பால் மூடுங்கள். பொலித்தீன் சுற்ற வேண்டாம். அது ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கும்.

பிள்ளைகள் கவனம்

திறந்த கதவில் ஓர் ஆபத்தும் உண்டு. ஒளித்துப் பிடித்து விளையாடும் பிள்ளைகளுக்கு வெறும் பெட்டி நல்ல ஒளிவிடம். உள்ளே போனபின் கதவு மூடிக்கொண்டால் சிறிது நேரத்தில் மூச்சுத் திணறிவிடும். உள்ளிருந்து கத்தினாலும் வெளியே சரியாகக் கேட்காது. அமெரிக்காவில் இப்படிப் பல பிள்ளைகள் இறந்த பின், உள்ளிருந்து தள்ளித் திறக்கக்கூடிய கதவுதான் இருக்க வேண்டும் என்று 1956ஆம் ஆண்டு சட்டமே கொண்டு வந்தார்கள். கொளுக்கி போட்டுப் பூட்டும் பழைய கதவுகள் மறைந்து காந்த றப்பர் கதவுகள் பரவ அதுவும் ஒரு காரணம். ஆனால் காந்தக் கதவையும் ஒரு சின்னப் பிள்ளையால் தள்ளித் திறக்க முடியும் என்று நம்பியிருக்க முடியாது.

ஆகவே கதவு திறந்தும் இருக்க வேண்டும், பிள்ளை நுழையவும் முடியாமல் இருக்க வேண்டும். துணிச்சுருள் செருகிய நிலையிலேயே துணிப்பட்டியைப் பெட்டியைச் சுற்றி இறுக்கி, முடிச்சை உயரத்தில் போடுங்கள். அப்போது கதவு இரண்டு விரலுக்கு மேல் திறக்கவும் மாட்டாது, மூடவும் மாட்டாது. தட்டுகளைத் திரும்ப உள்ளே அடுக்கி வைத்தால் பிள்ளை நுழைய இடமும் இருக்காது. மிகப் பழைய கொளுக்கிப் பெட்டி என்றால் கொளுக்கியையோ கதவையோ கழற்றித் தனியே வையுங்கள். எறியப் போகும் பெட்டிக்கும் இதே விதிதான்.

மாதம் ஒருமுறை

வைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். மாதம் ஒருமுறை யாராவது விரிப்பை எடுத்து, முகர்ந்து பார்த்து, உலர்ந்த துணியால் உட்புறத்தைத் துடைத்தால் போதும். பத்து நிமிட வேலை. மாமி போயா நாள்தோறும் செய்தா. மறக்காமலிருக்க அவ கண்டுபிடித்த வழி அது. துடைத்த பின் கிளிநொச்சிக்குத் தொலைபேசி எடுத்துப் பெட்டியின் சுகம் சொல்லுவா. அதோடு வீட்டுச் சுகமும் கதைப்பார்கள்.

திரும்ப எடுக்கும்போது

புதிய இடத்தில் பெட்டியைச் சமமாக நிறுத்துங்கள். நிமிர்த்தியே கொண்டு வந்திருந்தாலும் மூன்று, நான்கு மணித்தியாலம் அப்படியே நிற்கட்டும். படுக்க வைத்துக் கொண்டு வந்திருந்தால் ஒரு முழுநாள், 24 மணித்தியாலம், பொறுங்கள். குழாய்க்குள் போன எண்ணெய் கொம்பிரசருக்குத் திரும்பி வர அந்த நேரம் வேண்டும். வந்தவுடன் ஐஸ் போட்டுத் தரும்படி பிள்ளைகள் கேட்பார்கள், விட்டுக் கொடுக்காதீர்கள்.

மின் வயரை எலி கடித்திருக்கிறதா என்று நுனியிலிருந்து நுனி வரை பாருங்கள். சுவரிலுள்ள பிளக் பொயின்டில் நேரடியாகக் கொடுங்கள். மெல்லிய நீட்டு வயர் சூடேறும். பிளக் பொருந்தவில்லையென்றால் வயரை முறுக்கிச் செருகாமல், மின்வேலை தெரிந்தவரைக் கொண்டு மாற்றுங்கள். முதலில் வெறுமையாக ஓட விடுங்கள். சில மணித்தியாலத்தில் உட்புறம் நன்கு குளிர்ந்த பின் சாமான்களை வையுங்கள். எரிந்த மணம் வந்தாலோ, கொம்பிரசர் தொடங்கித் தொடங்கி நின்றாலோ உடனே நிறுத்தித் திருத்துநரைக் கூப்பிடுங்கள். வெள்ளத்தில் நனைந்த பெட்டியை, வெளியே உலர்ந்தது போல் தெரிந்தாலும், அவர் பார்க்கும் வரை பிளக்கில் போடாதீர்கள்.

அக்கா எட்டு மாதம் என்று போனவ, வீட்டு வேலை முடியாமல் பதினொரு மாதம் கழித்துத்தான் வந்தா. மாமி வீட்டில் விரிப்பை எடுத்து, முடிச்சை அவிழ்த்து, முகத்தை உள்ளே விட்டு முகர்ந்து பார்த்தா. கரி மணம் மட்டும்தான் இருந்தது. இம்முறை வாடகைக்கு எடுத்த இடம் கொட்டாஞ்சேனையிலேயே, இரண்டு ஒழுங்கை தள்ளி. கொண்டு போய் நிறுத்தி, பின்னேரம் வரை பொறுத்திருந்து பிளக்கைப் போட்டா. கொம்பிரசர் மெதுவாக முனகத் தொடங்கியது. அன்றிரவே உழுந்து ஊறப் போட்டா. மறுநாள் மா அரைத்து, வெள்ளவத்தையில் பழைய வாடிக்கையாளர் இருவருக்கும் பஸ்ஸில் கொண்டு போய்க் கொடுத்தா.

சகோதரிகளே, நாம் இழந்தவற்றின் கணக்கு நீளமானது. அவற்றில் பலவற்றை எந்த ஆயத்தமும் காப்பாற்றியிருக்காது. ஆனால் இன்று கையில் இருப்பதைக் கவனமாக நிறுத்தி, கவனமாகத் திரும்பத் தொடங்க எமக்கு நேரம் இருக்கிறது. அடுத்த முறை வீடு மாறும்போது ஒரு நாள் முன்னதாகப் பிளக்கைக் கழற்றுங்கள். நன்றாக உலர விடுங்கள். நிமிர்த்தி ஏற்றுங்கள். வைக்கும் இடத்தில் கதவு சற்றுத் திறந்திருக்கட்டும்.